மாதிரியும் அட்டவணையும்

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களில் ஒதுங்கியோரையும் பதிவதற்கு இலங்கை மென்பொருளாளர் சிலர் சில வாரங்களிலே ஒரு மென்பொருளை ஆக்கினர். துயர் தணித்தல் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அது 'சகானா' எனப் பெயர்பெற்றது. அதன் அட்டவணைகளை வரைந்தோர் மனிதரே. அவ்வேலையைக் கருவியொன்றிடம் ஒப்படைத்தல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அத்தகைய கருவிகளுள் ஒன்று தெனியோ. எக்லிப்ஸ் மாதிரியாக்கச் சட்டகத்தில் 'முகாம்', 'குடும்பம்', 'ஆள்' என வகுப்புகளையும் அவற்றிடையேயுள்ள தொடர்புகளையும் ஒருவர் வரைவாராயின், அவற்றுக்குரிய ஜாவாச் செய்நிரலைச் சட்டகமே பிறப்பிக்கும். ஆயினும் தரவை அது இயல்பாகக் கோப்பிலேயே எழுதிவைக்கும். பலர் ஒருங்கே கையாளும் பதிவேட்டுக்குக் கோப்புப் போதாது. உறவுநிலைத் தரவுத்தளம் வேண்டும். தெனியோ அம்மாதிரியைப் படித்து, ஹைபர்னேற் என்னும் செய்நிரல் நூலகத்துக்கு வேண்டிய இணைப்பு விதிகளைத் தானே வகுத்து, அட்டவணைகளை அமைத்துத் தருகிறது. மாதிரியிற் குறிக்கப்படாதவிடத்து முதன்மைச் சாவிக்கென ஒரு நிரலையும், ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் அறியாது அழித்துவிடாமற் காக்கும் பதிப்பெண் நிரலையும் சேர்க்கிறது. கையால் வரைவோர் எளிதில் மறப்பது இவ்விரண்டாவதையே. அதனைக் கருவி மறவாமை போற்றத்தக்கது.

குறை வேறிடத்துளது. சட்டகத்தில் 'உட்கொள்ளல்' என்றொரு தொடர்பு உண்டு. ஒரு பொருளை உட்கொள்வது ஒரு காலத்து ஒன்றே. அதனை வேறொன்றினுள் இட்டால் முன்னையதிலிருந்து தானாகவே நீங்கும். நூலுக்கும் அதன் இயலுக்கும் இவ்விதி பொருந்தும். முகாமுக்கும் ஆளுக்கும் பொருந்துமோ? கல்லடி முகாமொன்றில் இருந்த தாய் வாவியைக் கடந்து படுவான்கரையில் வேறொரு முகாமுக்குச் சென்றாளாயின், புதிய இடம் பதிவாகும். பழைய இடம் சுவடின்றி மறையும். அவளைக் கல்லடியிற் கண்டதாக ஒருவர் சொல்லக் கேட்டு மகன் வந்து வினவினால், அம்முகாமின் பதிவில் அவள் பெயர் இராது. ஒரே பெயருடையார் பலருள் இவளே அவள் எனத் துணிதற்கு வேண்டிய சான்று அழிந்துபோம். இப்பிழை மாதிரி வரைந்தவருடையது; தெனியோ அதனைப் பேசாது அட்டவணையாக்கிவிடுகிறது. வந்த நாளும் சென்ற நாளும் கொண்ட 'தங்கல்' என்னும் தனி வகுப்பொன்றை ஆக்கி, ஆளையும் முகாமையும் அதனால் இணைத்திருத்தல் வேண்டும்.

தெனியோவுக்கே உரிய குறையும் ஒன்றுண்டு. உட்கொள்ளப்பட்ட பொருளின் நிரையில், உட்கொண்டதன் வகுப்புப் பெயரையும் தொடர்பின் பெயரையும் அது வெறும் எழுத்துக்களாக எழுதிவைக்கிறது. அந்நியச் சாவியிற் பிழை நேரின் தரவுத்தளம் தடுக்கும். எழுத்திற் பிழை நேரின் தடுக்காது. 'முகாம்' என்னும் வகுப்பை நாளை 'நலன்புரி நிலையம்' எனப் பெயர்மாற்றினால் மாதிரி திருந்தும். பழைய நிரைகள் திருந்தா. இவ்வழக்கத்தை நிறுத்திவைக்கத் தெனியோவிலேயே வழியுண்டு. அவ்வழியை நாடாதவர்க்கு அமைவது குறையுடைய அமைப்பே என்பதுதான் வருந்தத்தக்கது. கிளை வகுப்புகளையெல்லாம் ஓர் அட்டவணையில் அடுக்குதலும் அதன் இயல்பு. அதனால் ஒரு கிளைக்கே உரிய நிரல் ஏனைய நிரைகளில் வெறுமையாய்க் கிடக்கும்.

ஆகவே தெனியோ தருவதை முதல் வரைவாகக் கொள்ளல் சாலும். அட்டவணைப் பெயர், சாவி, கிளை வகுப்புகளைப் பிரிக்கும் முறை ஆகியவற்றை மாதிரியினுள்ளேயே குறிப்புரைகளாக எழுத அது இடந்தருகிறது. அவற்றை முதற்பதிவு இடப்படுமுன் எழுதி முடித்தல் வேண்டும்; மக்கள் பெயர்கள் ஏறத் தொடங்கிய பின்னர் அட்டவணையைத் தானே மாற்றும் உரிமையைக் கருவியிடமிருந்து நீக்கிவிடல் வேண்டும்.