மலையக மணவறையும் பொருள் காணும் முறையும்

திருமணச் சடங்குகளுக்கு விளக்கம் கூறும் சிறு நூல்கள் நம்மிடையே மலிந்துள்ளன. அவை கூறும் பொருளையே முடிந்த முடிபாகக் கொண்டு, தோட்டப்புற மக்களின் மணமுறையைக் குறைபட்டதெனக் கருதுவோர் கற்றவருள்ளும் உளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை, மணப்பந்தரில் இடம்பெறும் சில பொருள்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மணமுறை என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் பண்டைத் தமிழர் மணத்தை விரித்துரைக்கின்றன. மணல் பரப்பிய பந்தர், விளக்கு, நீர்க்குடம், பூவும் நெல்லும் ஆகியன ஆண்டு உள. தாலியும் தீவலமும் கூறப்படவில்லை. சிலப்பதிகார மணத்திலோ தீவலம் இடம்பெறுகின்றது. மாற்றமே குறையாயின் எம்முறையும் குறையுடையதே ஆகும்.

அரசாணிக்காலை முதற்கண் நோக்குவோம். விளக்க நூல்கள் இதனை 'அரசன் ஆணைக்கால்' எனப் பிரித்து, மன்னன் சான்று என்பதோடு அமையும். ஆயின், அரசங்கொம்போடு கலியாண முருங்கைக் கொம்பையும் நடும் வழக்கம் உண்டு. நட்ட கொம்பு எளிதில் தழைத்தலின், குடி தழைத்தற்கு அது குறியாயிற்று. அம்மரத்தின் இனமாகிய முருக்கே தேயிலைக்கு நிழல்மரமாகவும் நடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குப் பங்கிடப்பட்ட மக்களின் பந்தரில், வேர்விடும் கொம்புக்கு மன்னன் சான்றினும் ஆழ்ந்த பொருள் உண்டன்றோ?

நிறைகுடமும் அத்தகையதே. லயத்துக்குப் பொதுவான பீலியில் வரிசை நின்று நீர் பிடித்தவர், நிறைந்த குடம் செல்வம் என்பதை நூல் கற்று அறிய வேண்டுவதில்லை.

விளக்க நூல்கள் பெரிதும் வழுவுமிடம் அம்மி மிதித்தல். கல்லான அகலிகையைச் சுட்டி, கற்பு வழுவலாகாதென மணமகளுக்கு விடுக்கும் எச்சரிக்கையாக அதனை விளக்குவர். கிருகிய சூத்திரங்களில் மணமகளைக் கல்லின்மேல் ஏற்றுங்கால் கூறப்படும் மந்திரத்தின் கருத்து முற்றிலும் வேறு. கல்லைப்போல் உறுதியாக நின்று எதிர்ப்போரை வெல்லுமாறு அது வாழ்த்துகின்றது. வாழ்த்தை அச்சுறுத்தலாக மாற்றியவர் பிற்கால உரைகாரரே. வடநூல் கல் என்றதைத் தமிழ் மனை தன் அம்மியாக்கிக்கொண்டது. விடியுமுன் அம்மியில் அரைத்துச் சமைத்து, பெரட்டுக்களம் சென்று, கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து கொய்து, மாலையில் மீண்டும் அடுப்படி சேர்ந்த பெண்டிர்க்கு அவ்வாழ்த்தே பெரிதும் பொருந்தும்.

இன்னொரு சாரார், காலில் அணியும் மெட்டி கருப்பை நரம்பைத் தூண்டும் என்பர். இதற்குத் தக்க சான்றில்லை. சடங்கிற்கு மதிப்பளிக்க அறிவியலின் பெயரைக் கடன்வாங்குதல், சடங்கிற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்காகும்.

இதனால் நூல்வழக்கு முற்றும் தள்ளத்தக்கதென யாம் கூறவில்லை. கிருகிய சூத்திரமும் நூலே. அதுவே அம்மியின் பொருளைத் தெளிவித்தது. நூலை அதன் மூலம் வரை சென்று காண்டலும், அப்பொருளை வழங்கும் மக்களின் வாழ்வோடு வைத்து நோக்கலும் வேண்டும் என்பதே எம் கருத்து.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தார். சடங்குகளுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். தோட்டங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவர், தம் பாட்டிமாரை அணுகி, எப்பொருள் எதற்கு வைக்கப்பட்டது எனக் கேட்டு எழுதிவைப்பாராக. அவர்தம் விடை அச்சிட்ட விளக்கத்தோடு முரணுமாயின், அம்முரணையும் அவ்வாறே எழுதிவைத்தல் நன்று.