ஏழடித் தளத்தில் ஒரு வீடு: டாட்டா ஏஸில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு

வீடு மாற்ற டாட்டா ஏஸ் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது தளத்தின் அளவை. ஏறக்குறைய 7.2 அடி நீளம், 4.9 அடி அகலம். ஐந்தடி அகல மெத்தை இதில் படுக்காது, பக்கவாட்டில் நிறுத்தத்தான் முடியும். ஆறரை அடி பீரோ நீளவாக்கில் தாராளமாகப் படுக்கும். சித்தூரில் ஒரு படுக்கையறை வீட்டைக் காலி செய்து திருப்பதிக்கு ஏற்றியபோது, இந்த இரண்டுக்கும் இடம் முடிவானதும் மற்ற சாமான்களின் இடமும் தானாகவே தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் 1945-இல் தொடங்கிய யூ-ஹால் போல, சாவியை வாங்கி நாமே ஓட்டிப்போகும் வாடகை லாரி நம் பக்கம் வழக்கத்தில் இல்லை. வண்டியோடு டிரைவர் வருவார். அடுக்குவதும் கட்டுவதும் நம் பொறுப்பு. ஆள் வைத்து ஏற்றினாலும் எது முதலில் போக வேண்டும் என்று சொல்ல வீட்டார் ஒருவர் வண்டியருகே நின்றே ஆக வேண்டும்.

2005-இல் வந்த முதல் ஏஸில் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். இப்போது பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரத்திலும் கிடைக்கிறது. முக்கால் டன் பாரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சாதாரண வீட்டுச் சாமானில் எடை அந்த அளவைத் தொடுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். புத்தகமும் அரிசி மூட்டையும் கிரைண்டர் கல்லும் நிறைய இருக்கும் வீடுதான் விதிவிலக்கு.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது தளத்தின் தாழ்வு. பெரிய லாரியில் ஃபிரிட்ஜைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்க நாலு பேர் வேண்டும். இங்கே இருவர் சாய்த்துப் பிடித்து, தளத்தின் விளிம்பில் ஒரு கோணிப்பையைப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம்.

ஃபிரிட்ஜ் நின்றபடியே, கேபினை ஒட்டிப் போகட்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கும். அப்படிப் படுக்க வைக்க நேர்ந்தால், இறக்கி நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே பிளக்கைச் செருக வேண்டும். பீரோவையும் நிறுத்தியே கொண்டுபோவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறுத்தினால் கேபினைத் தாண்டி உயர்ந்து காற்றை வாங்கும், வளைவில் கயிற்றை இழுக்கும். கதவைப் பூட்டி, முதுகுப்புறம் கீழே வருமாறு கோணி விரித்துப் படுக்க வைத்தால் பாரம் தாழ்வாக நிற்கும். மேலே துணி மூட்டைகளை அடுக்கலாம். கண்ணாடி பதித்த பீரோ என்றால் அந்த மெத்தையைக் கண்ணாடிப் பக்கம் மடித்துக் கட்டிவிட வேண்டும்.

புத்தகப் பெட்டி, அரிசி, கிரைண்டர் கல் எல்லாம் தரையில், பின் அச்சுக்கு முன்னால். இந்த ஒரு விதியை மீறக் கூடாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.1 மீட்டர்தான். கடைசியில் கனத்தை ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறைந்துவிடும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கொடுத்த டிரம் பூட்டும் போல்ட்டுகளைத் தேடியெடுத்துப் போடுங்கள். கேஸ் இணைப்பை மாற்றுவதென்றால் சிலிண்டரை இங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போவது மேல்.

கட்டுவதற்குத் தார்ப்பாயும் நைலான் கயிறும். கயிற்றின் நடுவில் ஒரு வளையம் போட்டு, நுனியைக் கொக்கியில் மாட்டித் திருப்பி வளையத்துக்குள் விட்டு இழுத்தால் அரை ஆள் பலமும் இரட்டிப்பாகும். கட்டில் சட்டம் வண்டிக்கு வெளியே நீண்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். கட்டில் சட்டங்களைக் கழற்றி, குறுக்கே சாய்த்துவிடலாம். காணிப்பாக்கம் கூட்டுரோட்டில் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை இறுக்குவது அவசியம். அதற்குள் பாரம் குலுங்கி அமர்ந்திருக்கும்.

பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அகலமான சாலையில் பஸ்கள் பறக்கும். பாரம் ஏற்றிய ஏஸை ஐம்பதிலேயே இடது ஓரமாக விடச் சொல்வதுதான் நல்லது. பெரிய வண்டி உரசிப் போகும்போது காற்று வண்டியை அசைப்பது தெரிகிறது. வீட்டார் பின்னால் சாமான்மேல் உட்கார்ந்து வருவதைப் பலமுறை பார்க்கிறோம். சட்டமும் அனுமதிக்காது, நானும் ஒருநாளும் ஒப்ப மாட்டேன்.

ஏஸின் உண்மையான பலம் திருப்பதிக்குள் நுழைந்த பிறகு தெரிகிறது. கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றிய சந்துகளில் 4.3 மீட்டர் திரும்பு ஆரம் பெரிய உதவி. வாசலுக்கே வந்து நிற்கும். இரண்டு படுக்கையறை, சோபா, பைக் என்று இருந்தால் அசோக் லேலண்ட் தோஸ்த் எடுங்கள்: தளம் எட்டடியைத் தாண்டும், பாரமும் ஒரு டன்னுக்கு மேல். ஏஸை இரண்டு நடை அடிப்பதைவிட அது மலிவாகவே முடியும்.

ஆடியில் வீடு மாற்ற நம்மவர்கள் தயங்குவார்கள், தெலுங்கு வீடுகளில் ஆஷாடத்தில் தயங்குவார்கள். அந்த நாட்களில் ஸ்டாண்டில் வண்டிகள் காத்திருக்கும், பேரம் படியும். திருப்பதியிலிருந்து வந்து சித்தூரில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ரிட்டர்ன் வண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். திருப்பதி வண்டி என்று தெரிந்தால் டிரைவரிடமே நேரே பேசலாம்.