மூப்பர் யாருக்கு மூப்பர்? கொங்கு நாட்டிலிருந்து ஒரு திறனாய்வு

அமெரிக்கப் பிரான்சிஸ்கன் துறவியாகிய ரிச்சர்ட் ரோர் 2004-ஆம் ஆண்டில் ‘ஆடம்ஸ் ரிட்டர்ன்’ என்னும் நூலை வெளியிட்டார். ‘ஆதாம் திரும்பி வருதல்’ என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். சிறுவனை ஆடவனாக்கும் பழஞ்சடங்குகளைக் கிறிஸ்தவ ஆன்மீகத்திற்குள் மீண்டும் கொண்டுவருதல் வேண்டும் என்பதே நூலின் நோக்கம். அவர் தொடங்கிவைத்த ஐந்து நாள் சடங்கு முகாம்களை ‘இல்லுமன்’ என்னும் ஆண்கள் அமைப்பு தொடர்ந்து நடத்திவருகின்றது. அங்கு வழிகாட்டும் பொறுப்பு மூப்பர்களுடையது. நம் சபைகளில் ஆண்கள் ஐக்கியம் மாதத்திற்கு ஒரு கூட்டமும் ஒரு தேநீருமாகச் சுருங்கிவிட்டதே என வருந்துவோருக்கு இம்முயற்சி கவர்ச்சியாகத் தோன்றக்கூடும். ஆகவே இந்நூலைக் கொங்கு நாட்டு மண்ணில் வைத்து வாசித்துப் பார்ப்பது நமக்குக் கடமையாகின்றது.

நூலின் அடிப்படைக் கருத்து எளிது. ஆர்னால்டு வான் கென்னப் 1909-இல் வகுத்துக் காட்டியவாறு பருவச் சடங்குகள் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என மூன்று படிகள் உடையவை. விக்டர் டர்னர் 1969-இல் அவற்றுள் இடைநிலையை விரித்துரைத்தார். பெயரும் பட்டமும் உரிந்துபோகும் அந்த இடைவெளியிலேயே மனிதன் மாற்றம் பெறுகிறான். தொழில்மயமான மேனாட்டுச் சமுதாயம் இச்சடங்குகளைத் தொலைத்தது, மூப்பர்களையும் தொலைத்தது, எனவே அங்குள்ள ஆண்கள் வயது முதிர்ந்தும் சிறுவர்களாகவே இருக்கின்றனர் என்பது ரோரின் நோய்க்கணிப்பு. மருந்தாக அவர் தருவன ஐந்து கசப்பான உண்மைகள்: வாழ்வின் கடுமை, தன் சிறுமை, தனக்கென வாழாமை, ஆளுகை தன் கையில் இல்லாமை, மரணத்தின் உறுதி. செழிப்பையும் வெற்றியையுமே சுவிசேஷமெனக் கேட்டுப் பழகிவரும் நம் வாலிபருக்கு இவ்வைந்தும் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. சிலுவையை அணிகலனாக அன்றி வழியாகக் காட்டும் துணிவு இந்நூலுக்கு உண்டு. அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் நோய்க்கணிப்பு நமக்குப் பொருந்துமா?

கொங்கு நாடு தன் மூப்பர்களைத் தொலைத்துவிடவில்லை. கொங்கு வேளாளர் திருமணங்களை மரபுப்படி முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர் என்னும் பெரியவர். புரோகிதர் அல்லர், அதே சமுதாயத்தின் குடும்பஸ்தர். எழுதிங்கள் என்னும் சீர் முடித்த இல்லறத்தாரிடையே இருந்தே இத்தகையோர் வருகின்றனர், அருமைக்காரியும் உண்டு. காங்கயம் பகுதியில் 1960-களில் களஆய்வு செய்த பிரெண்டா பெக், கொங்குக் குடியானவர் சமுதாயம் பற்றி 1972-இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கங்களை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த மூப்பு, பெண்களை விலக்கிவைத்துக் காட்டிற்குள் சென்று பெற்றதன்று. மனைவியோடு சேர்ந்து இல்லறத்தின் நடுவே பெற்றது. மணமகனுக்குரிய இணைச்சீரிலோ அவனுடைய உடன்பிறந்தாளே சிறப்பிடம் பெறுகிறாள். ஆணை ஆணாக்குபவர் ஆண்களே என்னும் ரோரின் உறுதிப்பாட்டைக் கொங்கு மரபு அவ்வளவு எளிதில் ஏற்காது.

சடங்கு வழியாக மரணமும் மறுவாழ்வும் பெறுதல் என்னும் கருத்தும் இம்மண்ணுக்குப் புதிதன்று. அண்ணன்மார் கதை பாடப்படும் விழாக்களில் படுகளம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. மணப்பாறைக்கு அண்மையிலுள்ள வீரப்பூரில் அது பெரிய அளவில் நடைபெறுகின்றது. பொன்னரும் சங்கரும் களத்தில் மாண்டதை நினைவுகூர்ந்து அருள்வந்த ஆடவர் பிணம்போல் தரையில் வீழ்ந்து கிடப்பர். அவர்களை எழுப்புவது தங்காளின் செயல். மாண்ட வீரரை எழுப்பும் அதிகாரம் மூத்த ஆடவர் எவரிடத்தும் இல்லை, தங்கையிடத்தில் இருக்கின்றது! ரோர் இதனைக் கண்டிருப்பாராயின் தம் நூலில் ஓர் அதிகாரத்தை மாற்றி எழுதியிருப்பார் என எண்ணத் தோன்றுகின்றது. வாரத்தின் முதல்நாள் விடியற்காலையில் கல்லறைக்குச் சென்றவர் யார், அறைவீட்டுக்குள் ஒளிந்திருந்தோர் யார் என்பதைச் சுவிசேஷங்களில் வாசித்தவர்களுக்கு இது வியப்பளிக்கத் தேவையில்லை.

இவ்வாறு கூறுவதால் மரபைப் போற்றிப் பாடுகிறோம் என எவரும் கருதற்க. அருமைக்காரர் யாருக்கு அருமைக்காரர்? தம் சாதிக்கு. அதே திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் நாவிதர், அந்தச் சடங்கால் உயர்வு பெறுவதில்லை. பாடிவிட்டுத் தம் பங்கைப் பெற்றுச் செல்கிறார். அண்ணன்மாருக்காக உழைக்கும் சாம்புகன் கதை நெடுகிலும் பணியாளனாகவே நிற்கிறான். சடங்கு ஒருவனை ஆடவனாக்கும் அதே வேளையில், அருகில் நிற்கும் வேறொருவனை என்றும் ‘பையன்’ ஆகவே வைக்கின்றது. கொங்குக் கிராமங்களில் தலைநரைத்த தாழ்த்தப்பட்ட முதியவரையும் மேற்சாதிச் சிறுவன் ஒருமையில் அழைத்து வந்தது யாவரும் அறிந்ததே. அவருக்கு எந்தப் பருவச் சடங்கு ஆண்மையை வழங்கிற்று?

இலண்டன் மிஷனெரி சங்கத்தார் 1830-இல் கோயம்புத்தூருக்கு வந்தனர். பின்னர் ஈரோட்டுப் பகுதியில் சபை வளர்ந்தபோது அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் இத்தகைய மக்களே. அவர்களுக்குச் சபை செய்த பெரிய காரியம் ஆழ்ந்த தியானம் கற்பித்தது அன்று. ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லி அழைத்தது, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தை நீட்டியது. அந்தப் பாத்திரத்தையும் சாதி பலகாலம் விட்டுவைக்கவில்லை என்பதும் நம் வரலாறே. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாகி, 1950-இல் கோயம்புத்தூர் திருமண்டிலம் அமைந்து, ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பேராயரானார். அதன்பின் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயரின் கை ஒவ்வொரு தலைமேலும் வைக்கப்பட்டது; எந்தத் தெருவிலிருந்து வந்த தலை என அக்கை கேட்கவில்லை. சபையில் பருவச் சடங்கு இல்லை என வருந்துவோர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று திடப்படுத்தல் வகுப்பு சில வாரத்து மனப்பாடமாகத் தேய்ந்திருப்பது வேறு செய்தி. அதற்கு ஆயர்களும் பெற்றோரும் பொறுப்பேற்க வேண்டும்.

மூப்பர் இளைஞருக்கு ‘ஆண்மை’ கற்பித்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம் பகுதியிலேயே சான்றுகள் உள்ளன. 2015 ஜூன் மாதத்தில் பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ் என்னும் தலித் இளைஞர், வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குச் சென்றார். ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் மூர்த்தியின் கோயில் அது. அங்கிருந்து கடத்தப்பட்டுக் கொலையுண்டார். சாதி அமைப்பொன்றின் தலைவர் உட்படப் பத்துப் பேருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022-இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் காதலித்து மணந்தது. இக்கொடுமைகளைச் செய்த கைகளுக்குக் குலமானம் என்பதைக் கற்பிக்க மூப்பர் இல்லாமல் போகவில்லை. மூப்பர் வழிகாட்டாத இளைஞன் வன்முறையாளன் ஆவான் என ரோர் அஞ்சுகிறார். மூப்பர் வழிகாட்டிய இளைஞனைக் கண்டும் அஞ்சவேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

ரோர் ஆணாதிக்கத்தை ஆதரிப்பவர் அல்லர். அதிகார வெறியை உடைப்பதே சடங்கின் வேலை என்கிறார். நேர்மையான நோக்கம்தான். ஆயினும் இறையியல் அடிப்படையில் ஒரு பெரிய கேள்வி எஞ்சுகிறது. வேதத்தில் ஆடவருக்கென ஏற்படுத்தப்பட்ட தலையாய சடங்கு விருத்தசேதனம் (ஆதி. 17). அதனைப் புறவினத்தார்மேல் சுமத்தலாகாது என எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் முடிவுசெய்தனர் (அப். 15). பவுல் கலாத்தியருக்கு அவ்வளவு சினத்துடன் எழுதியதும் இதன்பொருட்டே. அதனிடத்தில் வந்த ஞானஸ்நானம் ஆண், பெண் இருபாலார்க்கும், அடிமைக்கும் எஜமானுக்கும் ஒன்றே (கலா. 3:27, 28). ஆண்களுக்கு மட்டும் உரிய ஒரு நுழைவாயிலைச் சபைக்குள் மீண்டும் கட்டுவோர், முதலாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட சுவரின் கற்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லையா? தனியே கூடிப் பேசுவதையும் அழுவதையும் ஜெபிப்பதையும் நாம் மறுக்கவில்லை. அதற்கு ‘நுழைவு’ என்னும் பெயர் சூட்டுவதையே மறுக்கிறோம். இக்கேள்வியின் முழு எடையை நூல் தாங்கவில்லை என்பதே நம் முடிவு.

அப்படியாயின் மூப்பரே வேண்டாவா? வேண்டும். அவர்கள் எத்தகையோர் என்பதற்கு அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்தியரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள்; மணம்புரியாதவர்கள். ஆசிரமத்தில் ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். ‘தந்தை’ என்னும் பெயரை அவர்கள் விரும்பிக் கொள்ளவில்லை, பூமியிலே ஒருவரையும் பிதா என்னாதிருக்கும்படி ஆண்டவர் கூறியதை (மத். 23:9) இதனினும் நன்றாகத் தமிழில் விளக்க முடியாது. ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் தம்பியானார், ஆளப்பட்டவர் தமையனானார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்தபோது கதர் உடுத்தி அங்கு நின்ற பேட்டன் காவலரிடம் அடிபட்டார். தன் சிறுமையை அறிவதற்கு அவருக்கு ஐந்து நாள் முகாம் தேவைப்படவில்லை. கோவைக்கு அருகிலேயே, தடாகத்தில், அசாமின் முதல் பேராயராயிருந்த ஹெர்பர்ட் பேக்கனம் வால்ஷ் 1930-களில் கிறிஸ்து சிஷ்ய ஆசிரமத்தைத் தொடங்கி, மனைவியோடு எளிய வாழ்க்கை நடத்தினார். பேராயர் தம் முதுமையில் ‘சிஷ்யன்’ என்னும் பெயருள்ள வீட்டிற்குக் குடிபெயர்ந்ததைக் காட்டிலும் சிறந்த மூப்புப் பாடம் உண்டோ? இவ்விரு ஆசிரமங்களும் பெரிய இயக்கங்களாகப் பரவவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்று நம் வாலிபன் உண்மையில் எங்கே ஆடவனாகிறான் என்பதை நூலும் ஆசிரமங்களும் நமக்குச் சொல்லா. திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கைமடியாகச் சேர்ந்து, சனிக்கிழமைச் சம்பளத்தை முதன்முதலாக எண்ணும்போது ஆகிறான். சோமனூர் விசைத்தறிக் கொட்டகையில் இரவு ஷிப்டு ஓட்டும்போது ஆகிறான். 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் கடையின் வாசலிலும், துயரமான முறையில், ஆகிறான். இவ்விடங்களில் அவனுக்கு அருகில் நிற்கும் மூத்தவர் ஒரு டெய்லர், ஒரு தறி மேஸ்திரி, ஒரு லேத் பட்டறைக்காரர். அவர்களில் பலர் ஞாயிறு அன்று நம் ஆலயங்களில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள். ஆண்கள் ஐக்கியத்தை மாற்றியமைக்க விரும்பும் ஆயர், முகாமிற்கு இடம் தேடுமுன் அவர்களுடைய பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். அவர்களுடைய மனைவியரின் பெயர்களையும் சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும்.