பயிற்சி முடிந்த பிறகு யார் கேட்பது?

1989 நவம்பர் 16, விடிவதற்கு முன். எல் சால்வடோர் தலைநகர் சான் சால்வடோரில் உள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்த சிப்பாய்கள், ஆறு இயேசு சபைப் பாதிரியார்களைக் கொன்றார்கள். அங்கே தங்கியிருந்த சமையல்காரப் பெண்ணையும் அவருடைய பதின்வயது மகளையும் சாட்சி மிஞ்சக் கூடாது என்று சுட்டார்கள். வந்தவர்கள் அட்லாகாட்ல் அதிரடிப் படைப்பிரிவினர். அமெரிக்கச் சிறப்புப் படையினர் பயிற்சி கொடுத்து வளர்த்த பிரிவு அது. 1981 டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றதும் அதே பிரிவுதான்.

ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1993-ல் அறிக்கை தந்தது. பாதிரியார்கள் கொலை தொடர்பாக அது குறிப்பிட்ட 26 ராணுவத்தினரில் 19 பேர், அமெரிக்க ராணுவம் நடத்திய ‘அமெரிக்காக்களின் பள்ளி’யில் படித்தவர்கள். இந்தக் கணக்கைப் போட்டது வாஷிங்டன் அரசு இல்லை. பள்ளியின் மாணவர் பட்டியலை ஆணையத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆர்வலர்கள்தான் இதை ஊரறியச் செய்தார்கள்.

பிற நாட்டுப் படைக்குப் பயிற்சி தரும் அரசு எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வியை இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவதே சரி. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம், அதன் கறை மட்டுமன்று. இதற்கென ஒரு சட்டம் இயற்றிக் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறைப்படுத்தும் நாடும் அதுதான். அந்தச் சட்டத்தின் நிறையும் குறையும் மற்ற நாடுகளுக்கும் பாடம்.

வெர்மான்ட் மாநில செனட்டர் பேட்ரிக் லேஹி கொண்டுவந்ததால் அது லேஹி சட்டம் எனப்படுகிறது. 1997-ல் போதைப்பொருள் ஒழிப்பு உதவிக்கான நிபந்தனையாகத் தொடங்கி, படிப்படியாக மற்ற உதவிகளுக்கும் பாதுகாப்புத் துறையின் பயிற்சிக்கும் விரிந்தது. விதி எளியது. ஒரு படைப்பிரிவு சட்டவிரோதக் கொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமலாக்குதல், பாலியல் வன்முறை போன்ற கொடுமைகளில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால் அதற்கு உதவி கிடையாது. குற்றவாளிகளைத் தண்டிக்க அந்த நாட்டு அரசு உருப்படியான நடவடிக்கை எடுத்தால் கதவு மீண்டும் திறக்கும்.

இதில் மூன்று நல்ல அம்சங்கள் உண்டு. முதலாவது, நாடு முழுவதையும் தண்டிக்காமல் குறிப்பிட்ட பிரிவைத் தனித்துப் பார்ப்பது. இரண்டாவது, நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திராமல் நம்பத்தகுந்த தகவலையே போதுமென்று கொள்வது. கொடுமை செய்த ராணுவம் தன்னைத் தானே விசாரித்துக் குற்றமற்றது என்று சொல்லிக்கொள்ளும் நாடுகளில் இது பெரிய விஷயம். மூன்றாவது, திருந்துவதற்கு ஒரு வழி விட்டிருப்பது. கொலம்பியாவில் இது வேலை செய்ததைப் பார்க்கலாம். 1998 டிசம்பரில் சாண்டோ டொமிங்கோ என்ற சிற்றூரில் விமானப்படை வீசிய கொத்துக்குண்டுக்கு 17 பேர் பலியானார்கள். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். 2003-ல் அந்த விமானப்படைப் பிரிவுக்கு அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 2009-ல் விமானிகளைக் கொலம்பிய நீதிமன்றம் தண்டித்தது. உதவி நின்றது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இறந்தவர்களின் குடும்பங்கள் தனியாகப் போராடிய வழக்கில் வெளியிலிருந்து ஓர் அழுத்தம் சேர்ந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

குறைகளுக்கு வருவோம். இந்தச் சட்டத்தைக் கொண்டு நீதிமன்றம் போகப் பாதிக்கப்பட்டவருக்கு வழியில்லை. விசாரிப்பதும் தீர்மானிப்பதும் உதவி கொடுக்கும் அதே அரசின் அலுவலகங்கள். நெருங்கிய நட்பு நாடுகளிடம் அந்தக் கை தளர்ந்துவிடுகிறது. இஸ்ரேலுக்கென்று தனி நடைமுறையே இருக்கிறது. பயங்கரவாத ஒழிப்பின் பெயரால் மறைமுகமாக நடத்தப்படும் உள்ளூர்ப் படைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்பது பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு. 

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை ஒன்று உண்டு. லேஹி சட்டம் வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே வருபவரின் பழைய கதையைக் கேட்கிறது. படித்துவிட்டு வெளியே போனவர் என்ன செய்தார் என்று கேட்பது அதன் வேலையில்லை. மாலியில் 2012-ல் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் அமடூ சனோகோ அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். எந்த வாசல் சோதனையும் அவரைத் தடுத்திருக்காது. உள்ளே வரும்போது அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பின்போது ஆப்பிரிக்கப் பகுதிக்கான அமெரிக்கப் படைத் தலைவராக இருந்த ஜெனரல் கார்ட்டர் ஹாம், போர்த் திறன்களில் செலுத்திய கவனத்தை நெறிகளில் செலுத்தத் தவறிவிட்டோம் என்று பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நேர்மையான வார்த்தைதான். ஆனால் அது ஒரு தனிமனிதரின் மனசாட்சி. அப்படி ஒப்புக்கொள்ளும்படி எந்த ஏற்பாடும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

பின்தொடர்ந்து பார்க்கச் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சர்வதேச ராணுவக் கல்வித் திட்டத்தில் படித்தவர்களின் பிற்காலப் பதவிகளைப் பதிந்து வைக்க வேண்டும், அவர்கள் மனித உரிமை மீறலில் ஈடுபட்டிருந்தால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் பிரிவுகள் உள்ளன. இரண்டிலும் ‘இயன்றவரை’ என்ற சொல் இருக்கிறது. அந்தத் திட்டமோ மொத்தப் பயிற்சியில் ஒரு பங்குதான். இயன்றவரை செய்யச் சொல்லப்பட்ட வேலை, ஆளும் பணமும் ஒதுக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பது அரசு அலுவலகங்களை அறிந்த எவருக்கும் தெரியும்.

அரசு செய்யாததைக் குடிமக்கள் செய்யலாமா? அதற்குப் பெயர்கள் வேண்டும். அமெரிக்காக்களின் பள்ளி 2001-ல் பெயர் மாறியது. மனித உரிமைப் பாடம் கட்டாயமானது. வெளியார் குழுவின் மேற்பார்வையும் வந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் பிறகு, மாணவர் பெயர்களை வெளியிடுவதைப் பாதுகாப்புத் துறை நிறுத்திக்கொண்டது. பள்ளியைக் கண்காணித்து வந்த இயக்கத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். முதல் நீதிமன்றம் பெயர்களைத் தரச் சொன்னது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெயர் வெளியானால் பயிற்சி பெற்றவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆபத்து என்பது அரசின் வாதம். அதைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். 26 பேரில் 19 பேர் என்ற கணக்கு இன்று இன்னொரு கொலைக்குத் தேவைப்பட்டால் அதைப் போட வெளியாருக்கு வழியில்லை.

இந்தியாவில் வாசல் காவலாளிகூட இல்லை. 2012-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் பயிற்சி பெறுவது தெரிந்து தமிழ்நாடு கொதித்தபோது, அவர்களைப் பெங்களூருவின் எலகங்காவுக்கு மாற்றினார்கள். எந்தப் பிரிவினர், 2009 போரில் அந்தப் பிரிவின் பங்கு என்ன என்று கேட்கும் கடமை எந்தச் சட்டத்தாலும் யார்மீதும் சுமத்தப்படவில்லை. இடம் மாறியது, கேள்வி அப்படியே நின்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், அயல்நாட்டு உறவு பாதிக்கும் என்ற விலக்கு குறுக்கே வரலாம்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரிடர் மீட்பு, கடற்காவல், கண்ணிவெடி அகற்றல் எல்லாம் உயிர் காக்கும் கல்வி. நாம் மறுத்தால் கேள்வியே கேட்காத வேறொரு நாடு கற்றுக்கொடுக்கும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான். எந்த நாட்டின் எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பெயர்களைப் பொதுவில் வைக்க முடியாவிட்டால், அரசுக்குக் கட்டுப்படாத ஒரு தணிக்கை அமைப்பிடமாவது தர வேண்டும். படித்துச் சென்றவர்களைப் பத்தாண்டுகளாவது அந்த அமைப்பு பின்தொடர்ந்து, தவறு நடந்தால் மக்களிடம் சொல்ல வேண்டும். சட்டத்தில் ‘இயன்றவரை’ என்ற சொல் இருக்கக் கூடாது.

சான் சால்வடோரில் அந்தத் தாயும் மகளும் அன்றிரவு வளாகத்தில் தங்கியதே, வெளியே நடந்த சண்டைக்குப் பயந்துதான். அவர்களைக் கொன்றவர்கள் எங்கே படித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். யாரோ சிலர் பட்டியலைக் கேட்டு வாங்கி, பெயர் பெயராக ஒப்பிட்டார்கள் என்பதால் தெரியும். பயிற்சிக்குப் பணம் கொடுத்த அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது.