பாட்டை விட்டு விலகிய வயலின்

‘தி ரோலிங் ஸ்டோன்ஸ் சாங்புக்’ இசைத்தட்டில் மிக் ஜாகரின் குரலே கிடையாது. 1960-களின் நடுவில் டெக்கா வெளியிட்ட அந்தத் தட்டின் உறையில் இருப்பது ‘ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயர். ஓல்டம், ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர். 1963-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 19. அமெரிக்காவில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எழுப்பிய பிரமாண்ட ஒலி மீது தீராத மோகம். அந்த ஆசையில்தான் தன் குழுவின் ஹிட் பாடல்களை ஸ்டுடியோ வாத்தியக்காரர்களிடம் கொடுத்தார். பின்னாளில் சேகரிப்பாளர்கள் தேடி அலைந்த தட்டு இது.

முழுதாகக் கேட்டால் தரம் ஏறி இறங்குகிறது. ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’ தேறிவிடுகிறது; அதன் மெட்டே வயலினுக்கென்று பிறந்தது போன்றது. ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ தேறவில்லை. ஃபஸ் கிட்டாரின் கரகரப்பும் ஜாகரின் எரிச்சலும்தான் அந்தப் பாட்டு. இரண்டையும் உருவிய பிறகு, கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு வாசிக்கும் சினிமாப் பாட்டு மாதிரி, பல்லவி அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான்.

தட்டின் உச்சம் ‘தி லாஸ்ட் டைம்’. 1965-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. ஸ்டோன்ஸின் பதிவில் பிரையன் ஜோன்ஸின் கிட்டார் ரிஃப் விடாமல் முட்டித் தள்ளும். அரேஞ்சர் டேவிட் விட்டேக்கர் அந்த ரிஃபையும் வயலினிடம் கொடுக்கவில்லை, ஜாகர் பாடிய மெட்டையும் முன்னால் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, வயலின்களுக்கெனப் புதிதாக ஒரு வரி எழுதினார். சுற்றிச் சுற்றி வரும் சின்ன வரிதான். ஒவ்வொரு சுற்றிலும் கனம் கூடுகிறது. மூலப் பாட்டை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இது அதுதானா என்று சற்றுத் தடுமாறுவார்கள். மற்ற பாடல்களில் வாத்தியங்கள் பாடகருக்குப் பதிலாள். இங்கே அவற்றுக்குச் சொந்த வேலை இருக்கிறது.

1997-ல் தி வெர்வ் குழு இந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ‘பிட்டர் ஸ்வீட் சிம்பொனி’யைக் கட்டியது. அரேஞ்சர் வில் மலோன் அதன்மேல் இன்னும் தந்தி வாத்தியங்களை அடுக்கினார். பிரிட்டனில் இரண்டாமிடம், உலகமெங்கும் புகழ். ஆனால், ஸ்டோன்ஸின் பழைய பாடல்களின் உரிமையை வைத்திருந்த ஆலன் க்ளைன், அனுமதித்ததற்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்று மல்லுக்கு நின்றார். பாடலாக்க உரிமை முழுவதும் கைமாறியது. வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்க்ராஃப்டுக்கு ராயல்டி இல்லாமல் போய், ஸ்டோன்ஸின் பாடலாசிரியர்களான ஜாகர்-ரிச்சர்ட்ஸ் பெயர்கள் ஏறின. இதில் ஒரு வேடிக்கை: ஸ்டோன்ஸின் பாட்டே, ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் 1950-களில் பாடிய தேவாலயப் பாடல் ஒன்றிலிருந்து கிளைத்ததுதான்.

உரிமையைத் திருப்பித் தர ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சம்மதித்துவிட்டதை 2019-ல் ஆஷ்க்ராஃப்ட் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால், 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த இழுபறியில் இரு தரப்புமே எழுதாத ஒன்று உண்டு: உலகம் முணுமுணுக்கும் அந்த வயலின் வரி. அதை எழுதிய விட்டேக்கர் 2012-லேயே இறந்துவிட்டார்; பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.