சிக்கலாரின் சீவாளி

நாவலில் நாயனம் ஊதாது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியபோது, கோயில் திருவிழாக்களில் கேட்ட வாசிப்பை வாசகரே ஒவ்வொரு வரிக்கும் நிரப்பிக்கொண்டார். முகங்களை ஓவியர் கோபுலுவின் கோடுகள் கொடுத்தன. அதைப் படமாக்க வந்த ஏ.பி. நாகராஜனுக்கு அந்த வசதி இல்லை. கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் நாயன மேதை என்றால், வாசிப்பும் மேதையுடையதாகவே கேட்க வேண்டும்.

1968இல் வெளியான படத்தில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாயனம் கடையும் நாட்டில் நடக்கிற கதைக்கு மதுரையிலிருந்து மூச்சு! தஞ்சாவூர்க்காரர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியைப் பாருங்கள். கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, விரல்கள் துளைகளை மூடித் திறக்கின்றன. ஒரு சொட்டு நாதமும் அவருடையதல்ல, நம்பிவிடுகிறோம். காயம்பட்டு வந்திருப்பவனிடம் நாட்டியக்காரி மோகனா சபை நடுவே பாட்டாலேயே நலம் விசாரிக்கும் இடத்தில் பத்மினியின் கண்ணும், தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகமும் பல பக்க வசனத்தை மிச்சப்படுத்திவிடுகின்றன.

நீண்ட தொடர்கதையில் எவ்வளவோ வெட்டு விழுந்தது. சண்முகசுந்தரத்தின் கர்வத்தையும் திருவாரூர் மோகனாவின் பிடிவாதத்தையும் மட்டும் நாகராஜன் தொடவில்லை. சவடால் வைத்தியையும்தான். வைத்தியாக நாகேஷைப் பார்த்தபின் நாவலைப் பிரித்தால், வைத்தி வரும் பக்கங்களில் கோபுலுவே தோற்றுப்போகிறார்.