மயில் ஆடை: நிறுத்தும் உருவமும் மறையும் கைகளும்

1903ஆம் ஆண்டு தில்லி தர்பாரையொட்டி நிகழ்ந்த நடனவிருந்தில் அரசப் பிரதிநிதி கர்சனின் துணைவியார் மேரி கர்சன் அணிந்த மயில் ஆடை, இன்று இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் மாளிகையின் சேகரிப்பில் உள்ளது. இந்தியக் கைவினைஞர் உலோக இழைகளால் மயிற்பீலிகளை இழைத்து, பீலிக்கண்களில் பொன்வண்டின் சிறகுறைகளைப் பதித்தனர். பாரிசின் வொர்த் நிறுவனம் அத்துணியை உடையாகத் தைத்தது.

இத்தகைய உடையைக் காட்சிக்கு நிறுத்துங்கால் அதன் எடையே முதற்பகை. உலோக இழை கனமானது. அதனைத் தாங்கும் துணியோ நலிந்தது. எனவே உடைக்கேற்ப உருவம் அமைக்கப்படல் வேண்டுமேயன்றி, உருவத்துக்கேற்ப உடை இழுக்கப்படலாகாது. ஒளியால் நேரும் சிதைவு மீளாதாகலின், வெளிச்சத்தையும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவில் நிறுத்துவது வழக்கம்.

இவை ஏற்புடையனவே. ஆயினும் நாம் எழுப்ப விழையும் வினா வேறு. அணிந்தவரின் தோளும் இடையும் துல்லியமாக மீட்கப்படுகின்றன; இழைத்த கைகளோ உருப்பெறுவதில்லை. அவற்றின் சான்று துணியின் உட்புறத்து முடிச்சுகளிலும் தையல் திருப்பங்களிலும் உள்ளது. காட்சியுருவம் மறைப்பதும் அவ்வுட்புறத்தையே. பராமரிப்பின்போது எடுக்கப்படும் உட்புற ஒளிப்படமொன்றேனும் அருகில் வைக்கப்படுமாயின், அவ்வுடை ஒரு சீமாட்டியின் நினைவாக மட்டுமன்றி, இந்தியத் தொழிலறிவின் ஆவணமாகவும் நிற்கும் என்பது நம் துணிபு.